சூரியனுக்கு ஓர் அடிக்கல்

ஒரு காட்டில் மின்சாரம் இருந்தது. அது எப்படி வந்தது என்பது வேறு கதை. வந்த பிறகு, அது இல்லாமல் அங்கே எவராலும் வாழ முடியவில்லை. யானைகள், முறத்தளவு காது இரண்டு இருந்தும், மின்விசிறிக்கு அடியில்தான் உறங்கின. நீர்நாய்கள் மீனைப் பிடித்தவுடன் தின்னும் பழக்கத்தைக் கைவிட்டு, குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்திருந்து தின்றன. குரங்குகள் கைப்பேசிக்கு மின்னேற்றும் இடத்தில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. மின்மினிப் பூச்சிகள்கூட வீட்டுக்கு ஓர் இணைப்பு வாங்கியிருந்தன.

இவ்வளவு மின்சாரத்தையும் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு கொதிகலன் கொடுத்தது. கொதிகலன் மரத்தைத் தின்றது. நாளொன்றுக்கு ஒரு மரம். சித்திரை முதல் நாளில், ஆண்டு முழுமைக்குமான மரங்களுக்கு வரிசையாக எண்ணிட்டு, எந்த மரம் எந்த நாளில் வெட்டப்படும் என்று பட்டியல் ஒட்டிவிடுவார்கள். பட்டியலை ஒட்டுவதற்கென்று ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அது எண்ணிக்கையில் சேராது.

அந்தக் காட்டில் ஆவுடையப்பன் என்னும் இருவாச்சிப் பறவை தன் மனைவி வடிவம்மையோடு வாழ்ந்துவந்தது. இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் பலரும் அறிந்ததே. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். உள்ளே போன சில நாள்களில் அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சு வளர்ந்து, தாய்க்கும் புதுச் சிறகு முளைக்கும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியே ஊட்ட வேண்டும்.

வடிவம்மை தை மாதத்தில் ஒரு தான்றி மரத்தின் பொந்துக்குள் புகுந்தாள். மாசி பத்தாம் நாள், ஆவுடையப்பன் பழம் ஊட்டிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக மரத்தைச் சுற்றிக்கொண்டு பறந்தபோது, மறுபக்கத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதியிருந்த எண்ணைக் கண்டான். முந்நூற்று ஐம்பத்தைந்து.

பட்டியல் மரத்துக்குப் போய்ப் பார்த்தான். முந்நூற்று ஐம்பத்தைந்தாம் மரத்துக்குப் பங்குனி இருபது என்று நாள் குறித்திருந்தது. வடிவம்மை வெளியே வரச் சித்திரை கடைசி ஆகும்.

திரும்பி வந்தவனைப் பார்த்து வடிவம்மை பிளவின் வழியே கேட்டாள்.

“ஏன், முகத்தில் களையே இல்லை?”

“அந்தப் பிளவுக்குள்ளிருந்து என் முகம் உனக்கு எப்படித் தெரிகிறது?”

“மூக்குத் தெரிகிறது. அதுவே போதும். சொல்லுங்கள்.”

அவன் சொன்னான்.

“வீடு பார்க்கும்போதே சொன்னேன், மரத்தைச் சுற்றிப் பாருங்கள் என்று,” என்றாள் அவள். “உங்களுக்குப் பொந்தின் அகலந்தான் பெரிதாகப் பட்டது.”

“இப்போது அதைச் சொல்லி என்ன பயன்?”

“பயன் இல்லைதான். ஆனாலும் நான் எப்போது சொல்வது? உள்ளே வேறு வேலையும் இல்லை.” பிறகு தணிந்த குரலில், “முட்டைக்குள் அசைவு தெரிகிறது. எங்கே போய்க் கேட்க வேண்டுமோ போய்க் கேளுங்கள்,” என்றாள்.

ஆவுடையப்பன் முதலில் கரடியாரிடம் போனான். வெட்டுப் பணிக்கு அவரே மேற்பார்வையாளர். இளகிய மனம் படைத்தவர்.

“உள்ளே இருக்கிறார்களா? வெளியே வரச் சொல்லேன், தம்பி.”

“வர இயலாது, அண்ணாச்சி. சிறகு முழுவதும் உதிர்ந்துவிட்டது.”

“அப்படியென்றால் கோடரிச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டுவிடக் கூடாது. முதல் நாளே நான் வந்து பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன்.”

“அதற்குச் சொல்லவில்லை, அண்ணாச்சி. அந்த மரத்தை விட்டுவிட்டு, அன்றைக்கு அடுத்த மரத்தை வெட்டக் கூடாதா?”

கரடியார் யோசித்தார். “அடுத்த மரம் அடுத்த நாளுக்கு உரியது. அன்றைக்கு நான் எதை வெட்டுவேன்?”

“அதற்கடுத்ததை.”

“இப்படியே தள்ளிக்கொண்டு போனால் ஆண்டுக் கடைசியில் ஒரு நாள் மரமில்லாமல் நிற்கும். அந்த ஒரு நாள் மின்சாரம் இல்லையென்றால் சிங்கராஜாவுக்கு யார் பதில் சொல்வது?” என்ற கரடியார், அவன் அலகு தொங்குவதைக் கண்டு மனம் பொறுக்காமல், “ஒன்று செய். மரத்தையே வெட்டாமல் வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். நீர்வீழ்ச்சிப் பாறைக்கு அடியில் அலுவலகம் போட்டிருக்கிறார்கள். அங்கே போய்ச் சொல். அது வந்துவிட்டால் எனக்கும் தோள்வலி தீரும்,” என்றார்.

பாறைக்கு அடியில் ‘நெடுங்கால ஆற்றல் மாற்றத் திட்ட அலுவலகம்’ என்ற பலகை தொங்கியது. வாயிலில் எழுத்தர் முள்ளம்பன்றியார் அமர்ந்திருந்தார். எழுதும்போது முள் மழுங்கினால், முதுகிலிருந்து புதிதாக ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார். அதனால்தான் அவருக்கு அந்தப் பதவி என்று பேச்சு.

ஆவுடையப்பன் மனைவிக்காகத் தொண்டையில் சேர்த்து வைத்திருந்த அத்திப்பழங்களோடு வந்திருந்தான். அவற்றை வைத்துக்கொண்டு பேச இயலாது. எனவே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, தன் குறையைச் சொன்னான். முள்ளம்பன்றியார் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பழங்களை எண்ணினார்.

“இணைப்பு: அத்திப்பழம், பதினான்கு,” என்று சொல்லிக்கொண்டே அவற்றைக் கோப்பில் வைத்து நாடாவால் கட்டினார்.

“ஐயா, அவை இணைப்பு அல்ல. என் மனைவியின் பகலுணவு.”

“பதிவேட்டில் ஏறிவிட்டது. திரும்பப் பெறுவதற்குத் தனி மனு இருக்கிறது. கொடுத்தால் ஆடிக்குள் கிடைக்கும்.”

அன்று வடிவம்மை, “வெறுங்கையோடா வந்தீர்கள்?” என்று கேட்டதற்கு, “பழம் கோப்பில் இருக்கிறது,” என்று அவன் சொன்னான். அவள் அலகைப் பிளவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் திட்டக் குழுவின் முன் நிற்க அவனுக்கு அனுமதி கிடைத்தது. குழுவின் தலைவர் ஆமையார். இத்திட்டம் அறுபது ஆண்டுத் திட்டம். அறுபது ஆண்டுகள் கழித்தும் பணியில் இருக்கக்கூடியவர் எவர் என்று தேடியபோது, காட்டில் அவர் ஒருவரே தகுதி பெற்றார். அவருக்கு அப்போது நூற்று நாற்பது வயது. ஓய்வு பெறும் வயது அவரைப் பொறுத்தவரை இன்னும் வரையறுக்கப்படவில்லை.

“வெயில் மின்சாரத்தைப் பங்குனிக்குள் தொடங்க இயலுமா, ஐயா?” என்று ஆவுடையப்பன் கேட்டான்.

ஆமையார் தலையை வெளியே நீட்டுவதற்கே சற்று நேரமாயிற்று. “எந்தப் பங்குனி?”

“வருகிற பங்குனி.”

தலை உள்ளே போய்விட்டது.

பக்கத்து நாற்காலியில் ஆந்தை அம்மையார் அமர்ந்திருந்தார். வெயிலைப் பற்றிய வல்லுநர் அவர்தாம். பகல் வேளை ஆதலால் கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

“முதற்கட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒதுக்கியிருக்கிறோம். சூரியன் நாள்தோறும் உதிக்கிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும்.”

“உதிக்கிறதே, அம்மா.”

“நீர் பார்த்தீரா?”

“நாள்தோறும் பார்க்கிறேன்.”

“அப்படியானால் நீர் சார்புடையவர். உமது சான்று செல்லாது. நான் இதுவரை ஒருமுறைகூடச் சூரியனைப் பார்த்ததில்லை. எனக்கு அதன்மீது விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. அதனால்தான் என்னை அமர்த்தியிருக்கிறார்கள்.”

“காற்றையாவது முதலில் எடுத்துக்கொள்ளக் கூடாதா, அம்மா?”

“காற்றுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். தொடர்ந்து வீசுவதாக அது எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். மறுமொழி வரவில்லை.”

“கடிதத்தை எப்படி அனுப்பினீர்கள்?”

“பாறை உச்சியிலிருந்து பறக்கவிட்டோம். எடுத்துக்கொண்டுதான் போயிற்று. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் மட்டும் இல்லை,” என்றார் அம்மையார் வருத்தத்துடன்.

அறுபதாம் ஆண்டின் கடைசி மாதத்தில் முதல் சூரியத் தகடு பொருத்தப்படும். அதைத் திறந்துவைக்கச் சிங்கராஜாவின் கொள்ளுப்பேரனிடம் இப்போதே நாள் கேட்டு எழுதியிருந்தார்கள். கொள்ளுப்பேரன் இன்னும் பிறக்கவில்லை என்பதால் அந்தக் கோப்பு நிலுவையில் இருந்தது.

இத்தகைய நெடுங்காலத் திட்டத்துக்குப் பொதுமக்களின் ஒப்புதல் வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. மாசி இருபத்தெட்டாம் நாள் மாலை கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். அன்று பருவம் தவறி ஒரு மழை பெய்தது. காட்டில் இருந்த எவரும் நனைந்துகொண்டு வரவில்லை. ஆவுடையப்பன் மட்டும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருந்தான். கூட்டத்துக்கென்று பெரிய விளக்கொன்றை ஏற்றியிருந்தார்கள். மழை ஓய்ந்ததும், அந்த வெளிச்சத்தைக் கண்டு ஈசல்கள் புற்றிலிருந்து கிளம்பி ஆயிரக்கணக்கில் வந்து மண்டபத்தை நிறைத்தன.

“இவ்வளவு ஆர்வத்தை நான் நூறாண்டில் கண்டதில்லை,” என்றார் ஆமையார். பிறகு திட்டத்தை விளக்கி, “அறுபது ஆண்டுகள் பொறுப்பீர்களா?” என்று கேட்டார்.

ஈசல்களின் சார்பில் ஒன்று ஒலிபெருக்கியின்மேல் ஏறி நின்றது. “அறுபது ஆண்டு என்றால் எவ்வளவு நேரம், ஐயா?”

“சற்று நேரந்தான்,” என்றார் ஆமையார். அவர் பொய் சொல்லவில்லை.

“பொறுப்போம். எங்களுக்காகவா கேட்கிறோம்? வரப்போகும் தலைமுறைக்காகத்தானே.”

மண்டபமே சிறகடித்தது. ஒப்புதலுக்கு அடையாளமாக ஒவ்வொன்றும் தன் சிறகுகளை அங்கேயே உதிர்த்துவிட்டுச் சென்றது. முள்ளம்பன்றியார் அவற்றைக் கூட்டி அள்ளி, உறையிலிட்டு முத்திரை வைத்தார். ஆவுடையப்பன் எழுந்து, தனக்கு அறுபது ஆண்டு வேண்டாம், பங்குனி இருபதுக்குப் பிறகு நாற்பது நாள் போதும் என்றான். ‘ஒருவர் திட்டத்தைச் சுருக்குமாறு கோரினார், பெரும்பான்மை ஏற்கவில்லை’ என்று அது குறிப்பேட்டில் ஏறியது. கூட்டம் முடிந்து வெளியே போன பெரும்பான்மையை வாயிலில் தேரைகள் வரவேற்றன.

மண்டபம் காலியானது. ஆவுடையப்பன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். முள்ளம்பன்றியார் விளக்கை அணைக்க வந்தவர், அவன் அருகில் அமர்ந்தார். முள் குத்தாத தொலைவில்.

“உமது இணைப்பில் இரண்டைத் தின்றுவிட்டேன், ஐயா,” என்றார். “அதிலிருந்து உறக்கம் சரியாக இல்லை. ஒன்று கேட்கிறேன். இந்தக் காட்டில் நூறு வயதான மரங்கள் எங்கே நிற்கின்றன, பார்த்திருக்கிறீரா?”

“கீழைச் சரிவில் ஓர் இலுப்பை. பாலத்தடியில் ஓர் ஆல்.”

“அங்கே பாலம் இருக்கிறதா?”

ஆவுடையப்பன் நினைத்துப் பார்த்தான். “இல்லை. ஆறும் இல்லை. ஆனால் பாலத்தடி என்றுதான் சொல்வோம்.”

“பாலத்துக்கு அடிக்கல் இருக்கிறது. இலுப்பைக்குக் கீழே மகப்பேறு நிலையத்துக்கு அடிக்கல் இருக்கிறது. இப்போதுள்ள சிங்கராஜாவின் பாட்டனார் நாட்டியவை. ஒருமுறை காட்டுப்பன்றி ஒன்று கிழங்கு தோண்டும்போது ஓர் அடிக்கல்லைப் புரட்டிவிட்டது. பாட்டனார் மூன்று நாள் இரை எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு சட்டம். அடிக்கல் நாட்டிய இடத்தில், உரிய பணி தொடங்கும்வரை வேறு எதுவும் நடக்கக் கூடாது. புல்லைக்கூடப் பறிக்கக் கூடாது. உரிய பணியோ இதுவரை எங்கும் தொடங்கியதில்லை.” முள்ளம்பன்றியார் குரலைத் தாழ்த்தினார். “சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் இன்னும் நாட்டவில்லை. இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.”

“என் மரத்தடியில் ஒரு துளி வெயிலும் விழாதே, ஐயா.”

“அதைச் சொல்ல வேண்டியவர் நீர் அல்லர். வல்லுநர் இருக்கிறார்.”

மறுநாள் அந்தி வேளையில் ஆந்தை அம்மையார் தான்றி மரத்தடிக்கு வந்து, முதன்முறையாகக் கண்களை முழுவதும் திறந்து பார்த்தார். “மிகச் சிறந்த இடம். ஒளி சற்றும் கண்ணை உறுத்தவில்லை,” என்று சான்று எழுதிக் கொடுத்தார்.

பங்குனி பன்னிரண்டில் விழா நடந்தது. மரத்தடியில் பந்தல் போட்டு, வெயில் படாமல் இருக்கத் துணியும் கட்டினார்கள். சிங்கராஜா கல்லுக்குப் பூசை செய்து, மூன்று கை மண் அள்ளிப் போட்டார். மேலே பார்த்தபோது மரத்திலிருந்து ஓர் அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

“அது யார்?”

“பயனாளி, மகாராஜா,” என்றார் முள்ளம்பன்றியார்.

சிங்கராஜா மகிழ்ந்து, தம் கழுத்து மாலையைக் கழற்றி அந்த அலகில் மாட்டச் செய்தார். ‘சூரிய மின் நிலையம், முதல் அலகு’ என்று கல்லில் பொறித்திருந்தது. பட்டியலில் முந்நூற்று ஐம்பத்தைந்தின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. கரடியார் அந்த ஒரு நாளுக்கு மட்டும் விழாப் பந்தலின் கால்களைப் பிடுங்கி எரிக்க ஒப்புக்கொண்டார்.

“நிம்மதியாகத் தூங்கு,” என்று ஆவுடையப்பன் மனைவியிடம் சொன்னான்.

“குஞ்சு பொரித்துவிட்டது. இனிமேல் எங்கே தூங்குவது? அப்படியே உங்கள் மூக்கு,” என்றாள் அவள்.

பங்குனி பதினெட்டாம் நாள் காலை, தான்றி மரத்தடியில் ஒரு தூக்கணாங்குருவி நார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தரையை அளந்துகொண்டிருந்தது.

“யார் ஐயா நீங்கள்?” என்று ஆவுடையப்பன் கேட்டான்.

“பொறியாளர். சூரிய மின் நிலையத்துக்கு அமர்த்தியிருக்கிறார்கள். நாளை மறுநாள் வேலையைத் தொடங்குகிறேன்.”

ஆவுடையப்பன் வாயிலிருந்த பழங்கள் கீழே விழுந்தன. “தொடங்குவது என்றால்?”

“தொடங்குவது என்றால் தொடங்குவதுதான். வேறு என்ன பொருள்?”

அவர் அண்டைக் காட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். இந்தக் காட்டின் நடைமுறை அவருக்கு எவரும் சொல்லவில்லை. தகடுகள் தயாராக இருப்பதாகவும், பதினைந்து நாளில் முடித்துவிடலாம் என்றும், முடித்தால் ஆண்டுக்கு முப்பத்தாறு மரங்களை வெட்ட வேண்டியிராது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். “ஒரே ஒரு தடைதான். நிழல். இந்த மரத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும்.”

“இதில் என் குடும்பம் இருக்கிறது.”

பொறியாளர் அண்ணாந்து பார்த்தார். பிளவிலிருந்து வாடிய மாலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை பேர்?”

“இரண்டு பேர். ஒருவனுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.”

பொறியாளர் அளவு நாரைச் சுருட்டினார். அவரும் கூடு கட்டுபவர்தாம். “தெற்குப் பாறையில் நாள் முழுவதும் வெயில் அடிக்கிறது. அங்கே ஒரு மரமும் இல்லை. இந்த இடத்தை எவர் தேர்ந்தெடுத்தாரோ தெரியவில்லை. வாருங்கள், மாற்றித் தரச் சொல்லிக் கேட்போம்.”

இருவரும் சேர்ந்து போனார்கள். ஆமையார் தலையை வெளியே எடுக்காமலே மறுத்தார். சிங்கராஜா நாட்டிய கல்லை நகர்த்துவது அரச நிந்தனை. கல் இருக்கும் இடத்தில்தான் நிலையம். நிலையம் இருக்கும் இடத்தில் நிழல் கூடாது. பொறியாளர் கேட்டபடியே நாளை மறுநாள் மரத்தை எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஆணை எழுதப்பட்டது. பட்டியலில் இருந்த அதே பங்குனி இருபது.

தெற்குப் பாறையைச் சொன்னவர் தன்னோடு வெளியே வந்து தலை குனிந்து நிற்பதை ஆவுடையப்பன் பார்த்தான். இந்தக் காட்டில் உருப்படியான ஒரு சொல்லைச் சொன்ன ஒரே ஆள் அவர்தாம். ஆவுடையப்பன் திரும்பி, மீண்டும் உள்ளே போனான்.

“ஐயா, ஒன்பதாம் விதியின்படி, ஒப்புதல் கொடுத்த பொதுமக்கள் பணி தொடங்கும் நாளில் உயிரோடு இருக்க வேண்டுமா?”

முள்ளம்பன்றியார் விதிநூலைப் புரட்டினார். அவர் முட்கள் சிலிர்த்தன. “வாழும் பொதுமக்கள் என்றுதான் இருக்கிறது.”

“அவர்கள் ஒருவர்கூட இல்லை.”

ஆமையாரின் தலை இம்முறை விரைவாகவே வெளியே வந்தது. “எப்போது போனார்கள்?”

“அன்று மாலையே.”

“பொறுப்பதாகச் சொன்னார்களே,” என்றார் ஆமையார். பிறகு, “மீண்டும் கருத்துக் கேட்க வேண்டும். அவர்களுடைய வாரிசுகள் எப்போது வருவார்கள்?” என்று கேட்டார்.

“அடுத்த மழைக்கு, ஐயா. வைகாசிக்குப் பிறகு.”

பணி நிறுத்தப்பட்டது. பொறியாளர் வெளியே தம் நாரை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“வெயில் மின்சாரம் உடனே வேண்டும் என்று முதலில் மனு கொடுத்தவர் நீங்கள்தான் என்று கோப்பில் பார்த்தேன்.”

“ஆம். இப்போதும் வேண்டும். சித்திரை கடைசிக்குப் பிறகு.”

“அதற்குப் பிறகு என்னைத் தொடங்க யார் விடுவார்கள்?”

ஊட்டும் நேரம் தவறிவிட்டது, மரத்தடியில் விழுந்த பழங்களைப் பொறுக்க வேண்டும் என்று சொல்லி ஆவுடையப்பன் பறந்து போனான்.

சித்திரை இருபத்தொன்பதாம் நாள் வடிவம்மை உள்ளிருந்து மண்சுவரைக் கொத்தினாள். வெளியிலிருந்து ஆவுடையப்பனும் கொத்தினான். சுவர் உடைந்து, முதலில் அவளும், மறுநாள் குஞ்சும் வெளியே வந்தார்கள். குஞ்சு மூன்று கிளை தாண்டிப் பறந்து, நான்காவதில் தலைகீழாக விழுந்து, எழுந்து, மறுபடி பறந்தது. ஆவுடையப்பன் அன்று மாலையே அலுவலகம் சென்று தன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தான். அவன் சொல் தவறாதவன்.

ஆனால் அவனுக்கு முன்னே அங்கே வரிசை நின்றது. தான்றி மரம் தப்பிய செய்தி காடெங்கும் பரவியிருந்தது. மலையணில்கள் தங்கள் மரத்தடியில் காற்றாலைக்கு அடிக்கல் வேண்டும் என்றன. தேனீக்கள் தங்கள் கூட்டுக்குக் கீழே துணை மின்நிலையம் கேட்டன. மரங்கொத்தி ஒன்று, எந்தத் திட்டமானாலும் தனக்குச் சம்மதம், கல் மட்டும் நாளைக்குள் வேண்டும் என்றது. ஆந்தை அம்மையார் எல்லா இடத்துக்கும் சான்று கொடுத்தார். முள்ளம்பன்றியார் எழுதி எழுதி முதுகில் முள்ளே இல்லாமல் போனார். சிங்கராஜா நாளுக்கு ஏழு கல் நாட்டினார். தம் பாட்டனாரை மிஞ்சிவிட்ட பெருமிதத்தில் அவர் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது. மழை வந்து ஈசல்கள் கிளம்பிய நாளில்கூடக் கூட்டம் நடத்த ஆள் இல்லை. அனைவரும் வெவ்வேறு விழாக்களில் இருந்தனர்.

ஆனி முடிந்தபோது காட்டில் அடிக்கல் இல்லாத மரம் ஒன்றுதான் மிஞ்சியது. அது பட்டியல் ஒட்டும் மரம். பட்டியலில் இனி எழுத ஒன்றும் இல்லை என்பதால், கரடியார் அதை வெட்டிக் கொதிகலனில் போட்டார். அது எரிந்து தீர்ந்ததும் கொதிகலன் அணைந்தது. கரடியார் தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு மூன்று நாள் தூங்கினார்.

மின்சாரம் நின்றது. யானைகள் முதலில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நின்றன. பிறகு காதை அசைத்துப் பார்த்தன. நீர்நாய்கள் மீனைப் பிடித்தவுடன் தின்றுவிட்டு, சுவை வேறாக இருப்பதாகக் கூறின. குரங்குகளுக்குக் கடித்துக்கொள்வதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. காரணம் இல்லாமலே கடித்துக்கொண்டன. வெளிச்சம் வேண்டியவர்கள் விடியும்வரை காத்திருந்தார்கள். ஈரம் உலர வேண்டியவர்கள் காற்றில் நின்றார்கள்.

ஆந்தை அம்மையார் இவற்றையெல்லாம் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். காடு முழுவதும் இப்போது வெயிலாலும் காற்றாலும் மட்டுமே இயங்குகிறது. ஒரு துண்டு விறகும் எரிவதில்லை. இலக்கு முழுமையாக எட்டப்பட்டது. குறித்த காலத்துக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முன்னதாக. ஆமையாருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “இப்படி அவசரப்பட்டால் எப்படி?” என்றார். எட்டிய இலக்கைக் கண்காணிக்க மேலும் அறுபது ஆண்டுகள் அவருக்குப் பதவி நீட்டிப்பு வழங்கிய பிறகே சமாதானமானார்.

பொறியாளருக்கு, அரசரின் கல் இருக்கும் இடத்தில் வேலையைத் தொடங்க முயன்றது ஏன் என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன் போய் நின்றான்.

“பிள்ளை எப்படி இருக்கிறான்?” என்று பொறியாளரே கேட்டார்.

“பறக்கிறான், ஐயா.”

“சரி. இந்தத் திட்டத்தில் ஒருவராவது மேலே வந்திருக்கிறார்,” என்று சொல்லிவிட்டு அவர் தம் காட்டுக்குத் திரும்பினார்.

ஆவணியில் தூரத்துக் காடுகளிலிருந்து நாரைகள் குறிப்பேடுகளோடு வந்தன. நெடுங்கால ஆற்றல் மாற்றத்தை ஓராண்டுக்குள் முடித்த காட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டு போவதற்காக வந்திருந்தன. முதல் அடிக்கல்லுக்கு உரியவன் என்பதால் ஆவுடையப்பனைக் குடும்பத்தோடு அழைத்துவந்து முன்னே நிறுத்தினார்கள்.

“இம்மாற்றத்துக்கு முதல் தூண்டுதலாக அமைந்தது எது?” என்று நாரைத் தலைவர் கேட்டார்.

ஆவுடையப்பன் உண்மையையே சொன்னான். “என் மனைவி வெளியே வர வேண்டியிருந்தது.”

நாரைகள் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்து, ‘மகளிர் பங்கேற்பு’ என்று எழுதிக்கொண்டன.

“உள்ளே இருந்தபடியே என்பதையும் சேர்த்து எழுதுங்கள்,” என்றாள் வடிவம்மை.

அதையும் எழுதிக்கொண்டன. பிறகு, மின் நிலையத்தைப் பார்க்கலாமா என்று கேட்டன. தான்றி மரத்தடியில் கல்லைக் காட்டினார்கள். நாரைகள் அதைச் சுற்றி வந்து, அலகால் தூசி தட்டி, நீளம், அகலம், உயரம் மூன்றையும் துல்லியமாக அளந்துகொண்டு, எங்கள் காட்டிலும் இதே அளவில் ஒன்று அமைப்போம் என்று சொல்லி விடைபெற்றன.

நீதி: ஒரு மரத்தைக் காப்பாற்ற விரும்புவோர் அதைச் சுற்றி வேலி போட வேண்டாம், அதன் அடியில் ஒரு நல்ல திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினால் போதும்.